சுரங்க ரயிலின் விலை எந்தக் கணக்கில் ஏறுகிறது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் தேர்தல் வந்தால் இரண்டு வாக்குறுதிகள் சேர்ந்தே வரும். பற்றாக்குறையை ஒழிப்போம் என்பது ஒன்று, சுரங்க ரயில் அமைப்போம் என்பது மற்றொன்று. பில்லியன் கணக்கில் பணம் விழுங்கும் பாதையைத் தோண்டிக்கொண்டே வரவையும் செலவையும் சமன் செய்ய முடியுமா? முடியும். அதற்குப் பொய்க்கணக்கு எழுதத் தேவையில்லை. அரசுக் கணக்கியல் விதிகளே இடம் தருகின்றன. இதை அறியாமல் கடனைப் பற்றி வாதாடினால் பாதிக் கணக்கைத்தான் பேசிக்கொண்டிருப்போம்.

ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனைச் செலவும் அந்தந்த ஆண்டின் கணக்கிலேயே முழுதாக ஏறிவிடும். பல தலைமுறை உழைக்கும் சுரங்கப் பாதை அப்படி ஏறாது. அதன் விலையை உழைக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, தேய்மானம் என்று சிறிது சிறிதாக எழுதுவார்கள். விளக்கத்துக்காக ஒரு கணக்கு: பாதையின் விலை 6 பில்லியன் டாலர், ஆயுள் 60 ஆண்டு என்றால் தேய்மானம் ஆண்டுக்கு 100 மில்லியன். அதுவும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான். முழுத் தொகையையும் 4 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் தொடக்கத்தில் வட்டியே ஆண்டுக்கு 240 மில்லியன். தேய்மானத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, கொத்து விழும் நாளில் படம் எடுத்துக்கொள்ளும் அரசின் பற்றாக்குறையில் அந்தப் பாதை ஏறக்குறைய தெரியவே தெரியாது. ஒன்றிரண்டு தேர்தல்கள் கழித்து வருபவரின் கணக்கில்தான் முழுப் பாரமும் இறங்கும்.

ஆனால் ஒப்பந்தக்காரருக்குப் பணம் இன்றே போக வேண்டும். அதற்காக மாகாணம் கடன் பத்திரங்களை விற்கிறது; நிகரக் கடன் உடனே உயர்கிறது. அரசு கொடுக்க வேண்டியவற்றிலிருந்து அதன் நிதிச் சொத்துகளைக் கழித்தால் கிடைப்பதே நிகரக் கடன். சுரங்கம் நிதிச் சொத்து அல்ல என்பதால் அது கழிக்கப்படுவதில்லை. ஒன்ராறியோவின் நிகரக் கடன் 400 பில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. எதிர்க்கட்சியில் இருப்பவர்கள் இதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துக் காட்டுவார்கள். இன்னும் பல்லாண்டு உழைக்கப் போகும் பாலமும் பாதையும் அந்தத் தொகைக்குள் இருக்கின்றன. அன்றாடச் செலவுக்கு வாங்கித் தீர்த்த பழைய கடனும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மிரட்டுவது நேர்மையல்ல. வருவாயில் வட்டிக்குப் போகும் பங்குதான் எனக்கு இதைவிட நல்ல அளவுகோலாகத் தெரிகிறது. 1990களின் இறுதியில் ஒவ்வொரு டாலரிலும் 15 சென்ட் அளவுக்கு வட்டிக்குப் போனது. அண்மை ஆண்டுகளில் அது அதில் பாதிக்கும் குறைவு.

பாதை யாருடைய சொத்து என்பதும் கணக்கை மாற்றும். நகராட்சிக்குச் சொந்தமான பாதைக்கு மாகாணம் மானியம் கொடுத்தால், அது மாகாணத்துக்கு உடனடிச் செலவு. பாதை மாகாணத்தின் சொத்தானால் தேய்மானமாகப் பிரித்து எழுதலாம். ரொறன்ரோவின் புதிய சுரங்கப் பாதைகள் 2019 உடன்பாட்டின்படி மாகாணத்தின் உடைமையானதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கடன் எண்ணைக் குறைத்துக் காட்ட இன்னொரு வழி, அரசு தன் கையிலுள்ள சொத்தை விற்பது. 2014 தேர்தலில் போக்குவரத்துக்கும் பிற கட்டுமானங்களுக்கும் பத்து ஆண்டுகளில் 29 பில்லியன் தருவதாகச் சொல்லி லிபரல் கட்சி வென்றது. மறு ஆண்டே மின்கடத்தல் நிறுவனமான ஹைட்ரோ வன்னின் பங்குகளை விற்கத் தொடங்கியது. இலக்கு 9 பில்லியன்: 4 போக்குவரத்துக்கு, 5 கடனை அடைக்க. வாடகை வரும் கடையை விற்று வீட்டுக்கு மாடி எழுப்பும் கதை இது. நிகரக் கடன் முதலில் குறைந்தாலும், நிறுவனத்தின் லாபம் கைவிட்டுப் போவதால் பின்னர் கூடும் என்று சட்டமன்றத்தின் நிதிப் பொறுப்பு அலுவலர் அப்போதே எழுதிவைத்தார்.

ரொறன்ரோ நகரின் கிழக்கிலுள்ள ஸ்காபரோவைப் பார்த்தால்தான் ஆற்றாமை மேலிடுகிறது. தமிழர்கள் செறிந்து வாழும் அந்தப் பகுதியில் 1985இல் ஓடத் தொடங்கிய சிறிய ரயிலுக்குப் பதிலாக ஏழு நிறுத்தங்கள் கொண்ட இலகு ரயில் திட்டமிடப்பட்டிருந்தது. 2013 இடைத்தேர்தலில் சுரங்க ரயிலே வாக்குறுதியானது. அந்த ஆண்டு நகரசபை மூன்று நிறுத்தங்களுக்கு மாறியது. 2016இல் அது ஒரே நிறுத்தமாகச் சுருங்கியது. 2019இல் மாகாண அரசு மீண்டும் மூன்றாக்கி, 5.5 பில்லியன் என மதிப்பிட்டது. இதற்கிடையில் பழைய ரயில் தேய்ந்தது. 2023 ஜூலை 24 மாலை அதன் கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டது, சிலர் காயமடைந்தனர். அந்தச் சேவை அத்தோடு நிரந்தரமாக நின்றது, பயணிகள் பஸ்களுக்கு மாற்றப்பட்டார்கள். திட்டம் மாறி மாறி வந்த ஆண்டுகளில் கட்டுமான விலை ஏறியது. அந்த ஏற்றம் நிகரக் கடனில் சேர்ந்துவிடும். அந்தப் பழைய ரயில் புறப்பட்ட கென்னடி நிலையத்தில் பஸ்ஸுக்காக வரிசையில் நிற்பவர் இழக்கும் நேரத்துக்கு மாகாணத்தின் எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது.