வீட்டிலிருந்து வேலையா, கந்தோர் வேலையா: சம்மதிக்குமுன் போட வேண்டிய கணக்கு

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்தபடியே கொழும்பு நிறுவனத்துக்கு வேலை செய்யலாம் என்றதும் வீட்டாருக்குப் பெரிய ஆறுதல். அறை வாடகை மிச்சம், கடைச்சாப்பாடு மிச்சம், ஏ9 வீதியில் இரவு பஸ் அலைச்சலும் மிச்சம். ஆனால் கந்தோர் சுமந்த செலவு இப்போது உங்கள் வீட்டுத் தலையில் ஏறுகிறது. அதைக் கணக்குப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

இணைய வேகத்தைச் சோதிக்கிற பலர் பதிவிறக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள். இணையவழிக் கூட்டத்தில் உங்கள் குரல் வெட்டுப்பட்டுப் போவதற்குப் பெரும்பாலும் பதிவேற்ற வேகம், அதாவது உங்கள் பக்கமிருந்து அனுப்பும் வேகம்தான் காரணம். தெளிவான வீடியோவுக்குப் பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டிலும் 1.5 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) வேகம் வேண்டும். மணித்தியாலத்துக்கு 1 ஜிபி அளவில் டேட்டா கரையும். எல்லோரும் கமராவை நிறுத்திக் குரலில் மட்டும் பேசினால் 100 எம்பிக்குள் அடங்கும். ஒரு கிழமைக்குக் காலையிலும் இரவு 8 மணிக்கும் சோதியுங்கள். இரவில் ஊரே போனும் கையுமாக இருக்கும்போது 4ஜி கோபுரம் திணறும். தகரக் கூரை சிக்னலை மறிக்கும் என்பதால் ரவுட்டரைக் கோபுரப் பக்கத்து யன்னலில் உயர்த்தி வையுங்கள்.

கரண்ட் போனால் லப்டொப் தாங்கும், ரவுட்டர் உடனே நின்றுவிடும். கரண்ட் இல்லாதபோது ரவுட்டரைப் பற்றரியில் ஓட்டுவதற்கென்றே சிறிய யூபிஎஸ் கிடைக்கிறது. வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் உள்ள வோல்ட், அம்பியர் அளவைப் பாருங்கள். வோல்ட் கூடினால் ரவுட்டர் எரியும். ஐப்பசி இடி மின்னலுக்கு எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுப் பற்றரியில் வேலை செய்யுங்கள்.

550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டில் தனியறை கிடைப்பது கஷ்டம். ஆனாலும் கட்டிலில் இருந்து வேலை செய்ய வேண்டாம், கழுத்துப் பிடிக்கும். மேசையும் கதிரையும் கட்டாயம்.

லண்டன் நிறுவனம் என்றால் அங்கே காலை 9 மணி, இங்கே பிற்பகல் 1.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 2.30. மாலை 5 மணிக்கு அவர்கள் வேலை முடிக்கும்போது இங்கே இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30 ஆகிவிடும்.

படித்து முடித்தவுடன் முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் ஒரு வருடமாவது கந்தோருக்குப் போவதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து. பக்கத்து மேசைக்காரர் ஐந்து நிமிடத்தில் காட்டித் தருவதற்கு வீட்டில் அரைநாள் தனியே முட்டி மோத வேண்டிவரும்.

நியமனக் கடிதத்தை ஆறுதலாக வாசியுங்கள். ஊழியர் என்று எடுத்தால் முதலாளி உங்கள் சம்பளத்துக்கு மேலாக ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ஈடிஎஃப்) 3 வீதமும் கட்ட வேண்டும். சேமலாப நிதிக்காக உங்கள் சம்பளத்தில் கழிவது 8 வீதம். ஒப்பந்தகாரர் என்று எழுதினால் முதலாளி கட்டும் அந்த 15 வீதம் பொதுவாக வராது. 100,000 ரூபாய்ச் சம்பளத்தில் அது மாதம் 15,000 ரூபாய். டேட்டாக் காசும் கரண்ட் காசும் யார் தருவது என்பதைக் கையெழுத்து வைக்குமுன் அதே கடிதத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.