பழைய புல்லட்டை வீட்டிலேயே மாற்றிக் கட்டுகிறவர்களுக்கு ஒரு பட்டறைக்காரன் சொல்வது

அயர்ன் இன்ஜின் புல்லட் (வார்ப்பிரும்பு இன்ஜின் வைத்த பழைய ராயல் என்ஃபீல்டு) ஒன்றை வாங்கி, சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அலைந்து பாகம் பொறுக்கி, வீட்டு வாசலிலேயே பழைய ரேஸ் வண்டிப் பாணி கஃபே ரேசராகவோ, வெட்டிக் குறைத்த பாணி பாபராகவோ கட்டுகிற பையன்கள் இப்போது நிறைய. நல்ல விஷயம்தான். ஸ்பேனர் பிடித்துப் பழகியவன் தன் வண்டியைக் கவனமாக ஓட்டுவான் என்று நம்புகிற ஆள் நான். ஆனால் பாதியில் நின்றுபோன வண்டியை டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வரும்போது, பெயின்ட், சீட் எல்லாம் அப்புறம். முதலில் ஹேண்டில்பார் திரும்புகிற முன்பக்கக் கழுத்தையும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கையும்தான் பார்ப்பேன்.

மட்கார்டு, ஹெட்லைட் கூடு, டூல் பாக்ஸ், கேரியர் எல்லாம் எந்தக் காயலான் கடையிலும் வாங்கலாம். ஒடிந்தால் அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். வண்டியை நிறுத்துகிற, திருப்புகிற, உங்களைத் தாங்குகிற பாகம் வேறு கதை. ஒரு ஃபோர்க் அந்தக் கடைக்கு ஏன் வந்தது என்று யோசியுங்கள். நல்ல வண்டியிலிருந்து யாரும் ஃபோர்க்கைக் கழற்றி எடைக்குப் போடுவதில்லை. பெரும்பாலும் எதிலாவது மோதிய வண்டியிலிருந்துதான் வந்திருக்கும்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் ஃபோர்க் குழாயைத் தனியாகக் கழற்றித் தரச் சொல்லுங்கள். தடிமனான கண்ணாடி மேல் வைத்து மெதுவாக உருட்டி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பாருங்கள். நேராக மோதிய குழாய் பெரும்பாலும் கீழ் பிரிட்ஜுக்கு (இரண்டு குழாயையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ்ப் பட்டைக்கு) சற்றுக் கீழே வளைந்திருக்கும். அந்த இடத்தில் விரலை ஓட்டினால் குரோம் சுருங்கி லேசாக நெருடும். லேசான வளைவைப் பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தலாம். மடிப்பு விழுந்த குழாயைத் தொடவே தொடாதீர்கள். கழற்றிய பழைய ஸ்போக்ஸ், ஹேண்டில்பாரில் வெல்டிங் வைத்த தடம், பக்கவாட்டில் வெடிப்பு ஓடிய டயர் இதெல்லாமும் அதே கணக்குதான். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காக ரப்பர் இளமையாக இருக்காது.

மரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட்டில் பல இடங்களில் பிரிட்டிஷ் மரை. ஹார்டுவேர் கடை மெட்ரிக் போல்ட் அதில் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். நன்றாகப் பிடித்துவிட்டது என்று நினைத்து இன்னும் முறுக்குவார்கள். உள்ளே மரை அறுந்துகொண்டிருக்கும். இன்ஜினைச் சேஸோடு பிணைக்கும் மவுன்டிங்கில் இது நடந்தால் விளைவு மோசம். அந்தச் சேஸில் முன்பக்கக் குழாய் இன்ஜினோடு நின்றுவிடுகிறது. அங்கே இன்ஜின்தான் சேஸின் ஒரு பகுதி. போல்ட் ஆடினால் வண்டியே முறுக்கிக்கொள்ளும். போல்ட் தலையில் அதன் வலுவைக் காட்டும் 8.8 போன்ற எண் இல்லாத சாதா இரும்பு போல்ட்டை அங்கே போடவே கூடாது.

எனக்கு உண்மையில் பயம் தருவது பெட்ரோல் டேங்க். பழைய டேங்கில் ஓட்டை, பக்கத்துத் தெருவில் வெல்டர் இருக்கிறார், 'காலியாத்தானே இருக்கு' என்று கொண்டுபோய்க் கொடுப்பார்கள். திரவப் பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை அந்த ஆவி கலந்தால் ஒரு பொறி போதும். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில்தான் இரண்டும் சரியாகக் கலந்து காத்திருக்கும். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்த டேங்க் என்றாலும் நம்ப முடியாது. உள்ளே பிசினாக ஒட்டியிருக்கும் பழைய பெட்ரோல் சூடு பட்டதும் மறுபடி ஆவி விடும். ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கொட்டினால் போதாது. டேங்க் வேலை மட்டுமே செய்கிற பட்டறையில் கொடுங்கள். துரு எடுக்க வீட்டில் வினிகரே போதும், பொறுமை இருந்தால். கழிவறை ஆசிட் வேண்டாம்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதாதீர்கள், காம்பிரசரும் பிடிக்காதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, தயாரிப்பாளர் குறித்துத் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது, விண்டேஜ் பதிவு வாங்கலாம் என்று நினைக்கிறீர்களா? 2021-இல் வந்த அந்த விதி, வண்டி பழைய வடிவத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. வெட்டும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். சேஸ் வெட்டிய புல்லட்டை அந்தப் பட்டியலுக்குத் திருப்பிக் கொண்டுவர என்னாலும் முடியாது.

தனி இன்ஜின் வாங்கினால், அது இருந்த வண்டியின் ஆர்சி நகலும் ரசீதும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் தடம் தெரிந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் குற்றம். 'எனக்குத் தெரியாது' என்று ஸ்டேஷனில் நிரூபிப்பது உங்கள் பாடு. இன்ஜின் மாற்றத்தை ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் பதிவுசெய்யாமல் ஓட்டி, விபத்து நடந்தால் கிளெய்ம் சிக்கலாகும்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்க்கும்போது முதலில் நடை வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சோதியுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் மறுபடி முறுக்குங்கள். 'ஒரு ரவுண்டு கொடுடா' என்று நண்பன் கேட்டால், பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதைச் சொல்லிவிட்டு, எதிரில் வண்டி வராத தெருவாகப் பார்த்துச் சாவியைக் கொடுங்கள்.