வெனிஸின் 'பழைய' மணிக்கூண்டுக்கு வயது என்ன?

வெனிஸ் போய்வந்தவர்கள் தவறாமல் காட்டும் படம் ஒன்று உண்டு. புனித மாற்கு சதுக்கம், புறாக்கள், பின்னால் செங்கல் மணிக்கூண்டு. "எத்தனை நூற்றாண்டாக நிற்கிறது, பாருங்கள்!"

அந்தக் கூண்டு 1902 ஜூலை 14 அன்று காலையில் பொலபொலவென்று சரிந்து செங்கல் குவியலானது. 'இருந்த இடத்தில், இருந்தபடியே' என்று தீர்மானித்து, திரும்பக் கட்டித் திறந்தது 1912 ஏப்ரல் 25-இல். டைட்டானிக் மூழ்கிப் பத்து நாள் கழித்து!

பயணியைக் குறை சொல்ல மாட்டேன். நம் கண் மாற்றத்தை நேராகப் பார்ப்பதில்லை; முன்பு பார்த்ததோடு ஒப்பிட்டே அதை உணர்கிறது. முதன்முறை வருபவரிடம் ஒப்பிட என்ன இருக்கிறது? அன்று கண்டதே அவருக்கு 'அசல்' வெனிஸ். மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995-இல் இதையேதான் தம் துறையில் சுட்டினார். ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தாம் வேலைக்குச் சேர்ந்தபோது கடலில் இருந்த மீன் வளத்தையே இயல்பான அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். முன்பே குறைந்துபோனது கணக்கில் வருவதில்லை. கடலில் இது நடக்க ஒரு தலைமுறை ஆகிறது. சுற்றுலாவில் மூன்று நாள் போதும்.

இரண்டாம் முறை வருபவர் மட்டும் சரியாகப் பார்த்துவிடுவாரா? 1998-இல் சைமன்ஸ், லெவின் என்ற உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் வழிப்போக்கரிடம் வழி கேட்பார். பேச்சின் நடுவே இரண்டு பேர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போவார்கள். அந்த மறைவில் வழி கேட்டவர் மாறி, வேறொருவர் நிற்பார். ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்லை. 'வழி கேட்கும் ஆள்' என்ற வகை மாறவில்லை அல்லவா? காய்கறிக் கடை, நினைவுப்பொருளாக முகமூடி விற்கும் கடையானாலும், பயணியின் நினைவில் அது 'வளைவு வாசல் வைத்த சின்னக் கடை'தான்.

சுவர்களைச் சட்டம் காக்கிறது. காலியாவது உள்ளே. வெனிஸின் பழைய தீவு நகரில் 1951-இல் சுமார் 1.75 லட்சம் பேர் குடியிருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போனது. மாடி ஜன்னல்கள் அப்படியே இருக்கின்றன. கொடியில் துணி காய்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பவர் குறைவு.

ரியால்ட்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடி ஜன்னலில் 2008 முதல் ஒரு மின்பலகை, மிஞ்சியிருக்கும் குடிமக்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது. கூட்டம் அதைத் தாண்டித்தான் பாலத்துக்குப் போகிறது. மருந்துக்கடையில் ஓர் எண் ஒளிர்ந்தால், மணியோ வெப்பநிலையோ என்றுதானே யாருக்கும் தோன்றும்?