பப்பாளிக்காய் கறியைப் பதமாக்குவது எப்படி?

முற்றிய ஆட்டுக்கறி என்றால் அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பப்பாளிக்காய் விழுதைப் பிசறி வைப்பார்கள். வேலை செய்வது காயின் சதை அல்ல, தோலைக் கீறினால் வடிகிற பால். அதிலிருக்கும், புரதத்தை வெட்டும் நொதிதான் (என்சைம்) பப்பைன். தோலோடு அரைக்கச் சொல்வது அதனால்தான். காய் பழுக்கப் பழுக்கப் பால் குறைந்துவிடும். கனிந்த பழத்தைப் பிசறிப் பெரிய பயனில்லை.

பப்பைனும் ஒரு புரதமே. 212 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, மடங்கிச் சுருண்டு இரண்டு கதுப்புகளாக நிற்கிறது. நடுவே ஒரு பள்ளம். சங்கிலியில் 25ஆவதாக வரும் சிஸ்டீன், 159ஆவதாக வரும் ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் வரிசையில் அவ்வளவு தள்ளி இருந்தும், மடிப்பின் புண்ணியத்தில் அந்தப் பள்ளத்தில் பக்கம் பக்கமாக வந்துவிடுகின்றன. கறியின் புரத இழை உள்ளே படிந்ததும் சிஸ்டீனின் கந்தக அணு அதைப் பற்றுகிறது. இழை அறுந்து ஒரு துண்டு விலகும். கந்தகத்தில் ஒட்டிய மறு துண்டை ஒரு நீர் மூலக்கூறு வந்து கழற்றிவிடும். பப்பைன் அடுத்த வெட்டுக்குத் தயார். வெட்டுவதில் அது செலவாவதில்லை, அதனால்தான் ஒரு கரண்டி விழுது போதுமாகிறது.

பச்சைக்கறியில் அதற்கு ஒரு தடை உண்டு. கறியை நார் நாராக்கும் கொலாஜன் என்ற புரதம், மூன்று புரி முறுக்கிய கயிறு. பப்பைன் என்ற கத்தி நுழைய இடம் கொடுக்காது. சூடு 60–65 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் புரி அவிழ்கிறது. சங்கிலி அறுவதில்லை, மடிப்பைப் பிடித்திருந்த மெல்லிய பிணைப்புகள்தான் விடுபடுகின்றன. முட்டையின் வெள்ளைக்கரு கட்டத் தொடங்குவதும் ஏறக்குறைய இந்தச் சூட்டில்தான். பப்பைனோ அப்போதும் குலையாது. சொல்லப்போனால் 65 டிகிரியை ஒட்டித்தான் மும்முரமாக வெட்டும். கறி குலைந்து கத்தி குலையாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கறி பதமாகிறது.

80 டிகிரியைத் தாண்டிச் சூடு ஏற ஏறப் பப்பைனும் அவிழும். சிஸ்டீனும் ஹிஸ்டிடினும் பிரிந்துவிடும். உள்ளே ஒளிந்திருந்த, நீரோடு ஒட்டாத பகுதிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று திரளும். ஆறவைத்தாலும் பழைய வடிவம் திரும்பாது.

பிசறிய கையோடு குக்கரில் போட்டு விசில் விட்டால், சூடு 65ஐச் சட்டென்று கடந்துவிடும். மூடுமுன் பத்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைப்பதும் தப்பு. குளிர் நொதியை மந்தமாக்குமே தவிர அழிக்காது. விழுதும் ஆழமாக ஊறாது. காலையில் மேல்பக்கம் கூழாகவும் உள்ளே ரப்பராகவும் இருக்கும். சின்னத் துண்டுகளாக நறுக்கி அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும்.