சும்மா கொடுக்கிற மாத்திரை கேட்குமா?

போன மாதம் ஒரு காலை. மருந்து வழங்கும் ஜன்னலுக்கு வெளியே அறுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் நின்றிருந்தார். பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை. சளிப் பரிசோதனையில் ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அடங்காத காசநோய் என்று வந்திருந்தது. நான் அதற்கான பெடாகுவிலின் மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துவிட்டு அவருடைய அட்டையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொண்டு கேட்டார்:

"ஏனுங்க அம்மிணி, இது சும்மா குடுக்கற மாத்திரைதானுங்களே? நல்லாக் கேக்குமுங்களா?"

முதலில் மாஸ்க்கை ஏற்றச் சொன்னேன். அப்புறம் டப்பாவைக் காட்டினேன். உள்ளே 188 மாத்திரைகள். முதல் 2 வாரம் தினமும் 4. பிறகு 22 வாரம், வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 2. கணக்குப் போட்டால் சரியாக 188 வரும். எல்லாவற்றையும் சாப்பாட்டோடுதான் விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் ஏறுவது குறைவு. "இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வீணுங்க அண்ணா" என்றேன். தலையாட்டினார். ஆனால் கேள்வி அப்படியே முகத்தில் நின்றது.

17 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் ரகசியமாகக் கேட்பதில்லை. காசு கொடுத்தால் சரக்கு நல்லதாக இருக்கும், சும்மா வந்தால் ஏதோ தள்ளுபடிச் சரக்கு என்று கடைவீதியில் கற்ற பாடத்தை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவருகிறார்கள். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தர்மமாகக் கிடைத்தது என்று நினைப்பவர், இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார். மருந்துக்கு அடங்காத காசநோய் இப்படியும்தான் உருவாகிறது. அதனால், ஜன்னலில் நின்று சொல்ல நேரமில்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு என நான்கு பேர் கூட்டு. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் தலைமை. அப்போது உலகம் முழுக்க வழக்கம் என்னவென்றால், காசநோய் வந்தால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்கு அத்தனை படுக்கை எங்கே போவது?

193 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சானடோரியத்தில். இன்னொரு குழு வீட்டில், அதாவது சென்னையின் நெருக்கடியான தெருக்களில், ஒரே அறையில் முழுக் குடும்பமும் படுக்கும் வீடுகளில், அரைகுறைச் சாப்பாட்டோடு. இரு குழுவுக்கும் அதே ஐசோனியாசிட், அதே பாஸ் மருந்து, ஒரு வருடம். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே தேறினார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. மருந்து தொடங்கும் முன்பே தொற்ற வேண்டியது தொற்றியிருந்தது.

இதற்குப் பிறகு பணக்கார நாடுகளே தங்கள் சானடோரியங்களை மூடத் தொடங்கின. நோயாளி மருந்து விழுங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்து உறுதி செய்யும் முறைக்கும் சென்னையில் நடந்த ஆய்வுகள்தான் அடித்தளங்களில் ஒன்று. சர்வதேச ஒத்துழைப்பு என்றால் வெள்ளைக்காரர் கொடுக்க நாம் கை நீட்டுவது என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது சேத்துப்பட்டுக் கதைதான். அந்தக் குடிசை வீட்டு நோயாளிகள் உலகத்துக்குக் கொடுத்தது அதிகம். அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

சரி, இந்த மாத்திரை தர்மமா, உரிமையா என்ற கேள்விக்கு வருவோம். 1979-ல் இந்தியா ஏற்றுக்கொண்ட பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலத்துக்கு எல்லோருக்கும் உரிமை உண்டு. அறிவியல் முன்னேற்றத்தின் பலனில் பங்கு கேட்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. இதை நிறைவேற்ற நாடுகள் தனியாகவும், ஒன்றுக்கொன்று உதவியும் செயல்பட வேண்டும் என்று அதன் 2-வது பிரிவிலேயே இருக்கிறது. 1986 டிசம்பர் 4-ம் தேதி ஐ.நா. பொதுச்சபை 'வளர்ச்சிக்கான உரிமை' என்ற பிரகடனத்தை நிறைவேற்றியது. 146 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் ஒதுங்கி நின்றன, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. பிரகடனம்தானே, கோர்ட்டில் செல்லுமா என்று வக்கீல் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். பிரகடனத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேஸ் ஜெயிக்க முடியாதுதான். ஆனால் மருந்து விலை விஷயத்தில் ஏழை நாடுகள் உலக மேடையில் பேசிய பேச்சுக்கு அந்த வார்த்தைகள்தான் கூடவே இருந்தன.

அதே 1986-ல்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். பத்து வருடம் கழித்து மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை வந்தது. விலை ஒருவருக்கு வருடம் 10,000 டாலருக்கு மேல். மருந்து இருந்தது, நோயாளியும் இருந்தார், இரண்டும் வேறு வேறு கண்டங்களில். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் அதே மருந்துகளை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருடத்துக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றது. ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. எப்படி முடிந்தது? 1970-ல் இயற்றிய நம் காப்புரிமைச் சட்டத்தில் அப்போது மருந்தைத் தயாரிக்கும் முறைக்குத்தான் பேட்டன்ட் இருந்தது, மருந்துக்கே இல்லை. வேறு வழியில் தயாரிக்கத் தெரிந்தவர் தயாரிக்க முடிந்தது.

அந்த வருடம் ஏப்ரலில், குறைந்த விலை மருந்துக்கு வழிவிட்ட தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் போட்ட வழக்கைத் தாமே திரும்பப் பெற்றன. உலகமே பார்த்துக் கொதித்த வழக்கு அது. நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் கூடி, மக்களின் உடல்நலத்தைக் காக்க ஒரு நாடு எடுக்கும் நடவடிக்கைக்குப் பேட்டன்ட் ஒப்பந்தம் குறுக்கே நிற்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தன. 2002-ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எச்.ஐ.வி. மருந்து இலவசம். தாம்பரம் அரசு மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று.

2005-ல் உலக வர்த்தக விதிப்படி மருந்துக்கும் பேட்டன்ட் தரவேண்டிய கட்டாயம் வந்தபோது, நம் நாடாளுமன்றம் ஒரு கொக்கி வைத்தது. பிரிவு 3(டி). பழைய மருந்தையே வேறொரு வேதி உப்பாக மாற்றி, வடிவத்தை மாற்றிப் புது பேட்டன்ட் கேட்டால், அது நோயைக் கூடுதலாகக் குணமாக்குகிறது என்று காட்டு என்கிறது இந்தப் பிரிவு. நோவார்டிஸ் இதை எதிர்த்தது. 2007-ல் சென்னை உயர் நீதிமன்றம் பிரிவு செல்லும் என்றது. ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு அந்த நிறுவனம் கேட்ட பேட்டன்டை 2013-ல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

பெரியவர் கையில் இருந்த டப்பா இந்த இடத்தில்தான் கதைக்குள் வருகிறது.

பெடாகுவிலின் 2012 கடைசியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காசநோய்க்கு நாற்பது வருடத்துக்குப் பிறகு வந்த புது வகை மருந்து. அதை உருவாக்கியதில் ஜான்சன் அண்ட் ஜான்சன் பணத்தோடு பொதுப் பணமும் கலந்திருக்கிறது. அதற்கு முன் எங்களிடம் இருந்தது கனமைசின் ஊசி. மாதக்கணக்கில் போட வேண்டும். சிலருக்கு நோய் போகும், கூடவே காதும் போகும். ஊசிக் காலத்தில் ஒரு கல்லூரி மாணவி என்னிடம் வருவாள். முதலில் சாதாரணமாகப் பேசினாள், பிறகு என் உதட்டைப் பார்த்துப் பேசினாள், கடைசியில் சீட்டில் எழுதிக் காட்டினாள். மருந்தை எடுத்துக் கொடுத்த கை என்னுடையது. அதை மறக்க முடியவில்லை.

புது மருந்து வந்தும் கதவு உடனே திறக்கவில்லை. ஆரம்பத்தில் அமெரிக்க உதவி அமைப்பும் தயாரித்த நிறுவனமும் சேர்ந்து நன்கொடையாகக் கொடுத்தன. 2016-ல் இந்தியாவில் ஐந்தே நகரங்கள். சென்னையும் அதில் உண்டு. பாட்னாவைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருத்திக்கு, நீ டெல்லிவாசி இல்லை என்று டெல்லியில் மருந்து மறுக்கப்பட்டது. தந்தை உயர் நீதிமன்றம் போனார். 2017 ஜனவரியில்தான் வழி பிறந்தது. நன்கொடைக்கு நான் எதிரி இல்லை, அதனால் பிழைத்தவர்கள் உண்டு. ஆனால் கொடுப்பவர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்போது, வாங்குபவர் வரிசையில் நின்று இல்லையென்ற பதிலையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2019-ல் இரண்டு பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா திசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், இருவருக்கும் சிகிச்சையில் காது போனது. பெடாகுவிலினின் உப்பு வடிவத்துக்குக் கேட்ட இரண்டாவது பேட்டன்டை எதிர்த்து எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையோடு நம் பேட்டன்ட் அலுவலகத்தில் மனுப் போட்டார்கள். அது கிடைத்திருந்தால் 2027 டிசம்பர் வரை அந்த ஒரு நிறுவனத்தின் பிடியில்தான் மருந்து இருந்திருக்கும். 2023 மார்ச்சில் பேட்டன்ட் அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. முதல் பேட்டன்ட் அந்த ஜூலையில் முடிந்தது. மலிவு மருந்து தயாரிக்க இந்திய நிறுவனங்கள் தயாராக இருந்தன. 2020-ல் உலகக் காசநோய் மருந்துக் கொள்முதல் அமைப்பின் வழியே ஆறு மாத மருந்துக்கு 340 டாலர். 2023 ஆகஸ்ட் கடைசியில் 130 டாலர். இரண்டு கண்டங்களிலிருந்து இரண்டு நோயாளிகள் சேர்ந்து ஒரு அலுவலகத்தில் மனுப் போட்டார்களே, ஒத்துழைப்பு என்ற பெரிய வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான்.

இப்படி மனுப் போடும் உரிமை சட்டப்படி யாருக்கும் உண்டு. ஆனால் 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தி அதற்குக் கட்டணம் வைத்தார்கள், மனு ஏற்கத்தக்கதா என்ற முன் சோதனையும் வைத்தார்கள். வீண் மனுக்களைத் தடுக்க என்கிறார்கள். நோயிலிருந்து எழுந்து வந்தவர்களுக்கு இன்னொரு படி ஏற வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம்.

வெளியிலும் நிலைமை நன்றாக இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை ஒரு கையெழுத்தில் நிறுத்தியது. காசநோய்ப் பணிக்கு வேறெந்த நாட்டையும்விட அதிகம் கொடுத்துவந்த நாடு அது. ஆப்பிரிக்க நாடுகளில் பரிசோதனையும் களப்பணியும் பாதியில் நின்றன. நம் ஊர் மருந்துக்குப் பெரும்பகுதி நம் வரிப்பணம்தான், அதனால் அந்த அடி நேராக விழவில்லை. அதற்காக நாம் மார்தட்டவும் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் என் ஜன்னலிலேயே ஒரு மருந்து வாரக்கணக்கில் வராமல் போனது. பக்கத்து மாவட்டங்களுக்குப் போன் போட்டு, பத்து மாத்திரை, இருபது மாத்திரை என்று கைமாற்று வாங்கி ஓட்டினேன். மாத்திரை நின்றால் கிருமி காத்திருக்காது. நோயாளியிடம் "நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு நாமே நிறுத்தினால் என்ன நியாயம்? அப்படி நேர்ந்தால் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். சலுகை கேட்பவர் மாதிரி தயங்கி நிற்கத் தேவையில்லை.

கேட்டு வாங்க வேண்டியவை இன்னும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்ற சோதனையும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவேண்டும், 2024 நவம்பரில்தான் அதை 500-லிருந்து உயர்த்தினார்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் கணக்கு எண்ணிலோ ஆதார் இணைப்பிலோ சிக்கல் இருக்கும், மையத்தில் சொன்னால் சரிசெய்யலாம். உதவி எண் 1800-11-6666. தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களுக்கும் இதெல்லாம் உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. பெடாகுவிலின் எடுப்பவர்களுக்கு நடுநடுவே ஈசிஜி எடுக்க வேண்டும். இதயத் துடிப்பின் ஓட்டத்தை அந்த மருந்து கொஞ்சம் மாற்றக்கூடும். "எனக்கு நெஞ்சு வலி இல்லீங்களே" என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

அன்று பெரியவரிடம் இத்தனையும் சொல்லவில்லை. பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். "இந்த டப்பாவுக்காக ரெண்டு பொம்பளைங்க பெரிய கம்பெனியோட மோதி ஜெயிச்சிருக்காங்க அண்ணா, ஒருத்தரு மும்பை, ஒருத்தரு தென்னாப்பிரிக்கா" என்று மட்டும் சொன்னேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கேஸ் போட்டாங்களா?" என்றார். "மனுப் போட்டாங்க" என்றேன். துண்டில் சுற்றி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஈசிஜிக்கு வந்தவர், மனைவியையும் நாலு வயதுப் பேரனையும் கூட்டி வந்திருந்தார். வீட்டில் இருப்பவர்களையும் பரிசோதிக்க வேண்டும் என்று அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். பேரன் எக்ஸ்ரே அறையைப் பார்த்ததும் அழத் தொடங்கினான். பாட்டி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "போட்டோதாண்டா சாமி எடுப்பாங்க" என்று உள்ளே கொண்டுபோனார்.