பேஜ் இருக்குத்தானே, பிறகேன் வெப்சைட்?

திருகோணமலை உப்புவெளியில் ஆறு அறைகளோடு விடுதி நடத்தும் ஒருவர் போன கிழமை, வெப்சைட் செய்து கொடுக்கும் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, பேஸ்புக் பேஜுக்கு என்னவோ நடந்திட்டுது. ஒருக்கா வந்து பாரும்." வந்து பார்க்காமலே என்ன நடந்தது என்று சொல்லியிருப்பேன். இந்தச் சீசனில் நிலாவெளியில் ஒருவர், கிண்ணியாவில் ஒரு புடைவைக் கடை, திமிங்கிலம் காட்டப் படகு விடுகிறவர் என்று இதே கதையைக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. இனியும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு மெசஞ்சரில் ஒரு செய்தி வந்திருக்கிறது. நீலச் சின்னம், 'உதவி மையம்' என்று பெயர். உங்கள் பக்கம் காப்புரிமை விதியை மீறியுள்ளது, 24 மணித்தியாலத்துக்குள் முறையிடாவிட்டால் நிரந்தரமாக நீக்கப்படும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி, கீழே ஒரு லிங்க். மனிதர் பதறிப்போய் அழுத்தினார். பாஸ்வேர்ட் கேட்டது, கொடுத்தார். போனுக்கு வந்த ஆறு இலக்கத்தைக் கேட்டது, அதையும் கொடுத்தார். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அட்மின் பட்டியலில் அவர் பெயரே இல்லை. அடுத்த நாள் அவருடைய கடற்கரைப் படங்களுக்கு மேலே, புரியாத மொழியில் ஏதோ மொபைல் கேம் விளம்பரம். அந்த விளம்பரத்துக்கான காசு போய்க்கொண்டிருந்தது இவருடைய வங்கி அட்டையிலிருந்து.

"பேஸ்புக் ஒபிஸுக்கு எடுத்துக் கதைக்க ஏலாதா?" என்று கேட்டார். எல்லாரும் கேட்கிறார்கள். உங்களுக்கும் எனக்கும் எடுத்துக் கதைக்க அங்கே ஆள் இல்லை. ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பாஸ்வேர்ட் போன விதத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எனக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். இதே மனிதருக்கு முன்பு சொந்தமாக வெப்சைட் இருந்தது. நாலே பக்கம்: அறைப் படங்கள், விலை, கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கினால் எப்படி வந்து சேர்வது என்ற குறிப்பு, தொலைபேசி எண். "ஒருத்தரும் பார்க்கிறேல்ல, எல்லாரும் பேஸ்புக்கிலதானே" என்று டொமைனை, அதாவது இணைய முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். அவருடைய அறை ஒன்றின் ஓர் இரவு வாடகைக்குக்கூட வராத செலவு அது. பேஜ் போன அன்று, 'இதுதான் நான்' என்று விருந்தாளிகளுக்குக் காட்ட அவரிடம் வேறு முகவரி இருக்கவில்லை.

இனி, என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "எனக்குப் பதினாலாயிரம் ஃபொலோவர்ஸ் இருக்கினம்" என்கிறார்கள். யாருக்கு இருக்கிறார்கள்? அந்தப் பதினாலாயிரம் பேரில் ஒருவருடைய மின்னஞ்சலாவது உங்களிடம் உண்டா? அவர்களை அப்படியே இன்னொரு தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? நீங்கள் இன்று ஒரு படம் போட்டால் அது அவர்களில் யாருக்குப் போக வேண்டும் என்று நீங்கள் தீர்மானிக்கிறீர்களா? மூன்றுக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். பேஜின் உள்ளே போய் 'ரீச்' என்ற கணக்கைத் திறந்து பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. பதினாலாயிரம் பேரைக் காட்டும் பேஜில் சாதாரணப் பதிவு ஒன்று போய்ச் சேர்வது சில நூறு பேருக்கு.

இது பழுது அல்ல. வியாபாரமே இப்படித்தான் அமைந்திருக்கிறது. 2007 இல் பேஸ்புக் நிறுவனங்களுக்குப் பேஜ் திறந்துவிட்டபோது எல்லாம் இலவசம், போடுவதைப் பலரும் பார்த்தார்கள். நாங்களும் விசிட்டிங் கார்டில், ஓட்டோவின் பின் கண்ணாடியில், மெனு மட்டையில் எல்லாம் 'பேஸ்புக்கில் எங்களை லைக் பண்ணுங்கள்' என்று அச்சடித்தோம். யாருக்கு விளம்பரம் செய்தோம் என்று யோசிக்கவில்லை. சனம் சேர்ந்தது, பதிவுகள் குவிந்தன, பேஜ்களின் பதிவுகள் மெல்ல மெல்லக் கீழே போயின. 2018 ஜனவரியில் மார்க் சக்கர்பேர்க் வெளிப்படையாகவே அறிவித்தார்: இனி நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்குத்தான் முன்னுரிமை, நிறுவனங்களின் பதிவுகள் குறையும் என்று. பக்கத்திலேயே, காசு கட்டினால் பதிவைக் கூடுதல் பேருக்குக் காட்டும் 'பூஸ்ட்' பொத்தான் தயாராக இருந்தது. நீங்கள் ஓடித்திரிந்து சேர்த்த ஆட்களோடு கதைக்க நீங்களே காசு கட்ட வேண்டும். 2023 இல் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் வருமானம் ஏறத்தாழ 135 பில்லியன் டொலர். அதில் 97 சதவீதத்துக்கு மேல் விளம்பரத்தால் வந்தது. டச் பே கடற்கரையில் வண்டில் போடுகிறவருக்கு அந்த மணல் தன்னுடையது இல்லை என்று தெரியும், எழும்பச் சொன்னால் எழும்புவார். பேஜ் வைத்திருக்கிறவர் உறுதி முடித்த காணி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"பேஸ்புக் மட்டுமில்லைத் தம்பி, இன்ஸ்டாகிராமிலும் இருக்கிறன், வட்ஸ்அப்பிலும் கட்டலொக் போட்டிருக்கிறன்" என்பார்கள், மூன்று கூடையில் முட்டை வைத்த தோரணையில். அண்ணா, மூன்றும் ஒரே முதலாளி. இன்ஸ்டாகிராமை 2012 இலும் வட்ஸ்அப்பை 2014 இலும் பேஸ்புக் வாங்கிவிட்டது. 2021 ஒக்டோபர் 4 ஆம் திகதி இரவு ஒன்பது மணி தாண்டி மூன்றும் ஒன்றாகப் படுத்தன, நள்ளிரவு தாண்டியும் எழும்பவில்லை. எங்கள் நாட்டில் வேறு காரணமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. சாதாரண இணையத்தளங்கள் அந்த நாட்களிலும் பெரும்பாலான இடங்களில் திறந்தன.

பூஸ்ட் பற்றி ஒரு தொழில் இரகசியம். ஐயாயிரம் ரூபாவைக் கட்டி 'கூடுதல் லைக்' என்ற நோக்கத்தைத் தெரிவு செய்தால், அந்த இயந்திரம் லைக் போடும் பழக்கமுள்ள ஆட்களைத் தேடிப்பிடித்துக் காட்டும். அறை எடுக்க நினைத்திருக்கும் ஜேர்மன்காரரையும் பிரெஞ்சுக்காரரையும் அது தேடாது. நாலாயிரம் லைக் வந்திருக்கும், போன் ஒன்றும் வந்திருக்காது. "நல்லா ஓடுது" என்று படத்தைக் காட்டுவார்கள். நான் என்ன சொல்ல?

கூகிளின் பக்கம் இன்னும் வேடிக்கை. உங்கள் விடுதியின் பெயரைத் தட்டச்சு செய்து தேடிப் பாருங்கள். முதலில் வருவது, 'விளம்பரம்' என்று சிறு எழுத்தில் போட்டு, ஏதாவதொரு அறைப் பதிவுத் தளம். உங்கள் பெயரையே அவர்கள் ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள். போன வருஷம் உங்களிடம் தங்கி, உங்கள் மனைவி சமைத்த நண்டுக் கறியை மறக்க முடியாமல், பெயரை நினைவில் வைத்துத் தேடி வருகிற விருந்தாளி அந்த முதல் லிங்க்கை அழுத்துகிறார். இப்படியான தளங்களின் கொமிஷன் பெரும்பாலும் 15 சதவீத வாக்கில். 20,000 ரூபா அறைக்கு ஓர் இரவுக்கு 3,000 ரூபா, ஏற்கெனவே உங்களிடம் வரவிருந்த ஆளுக்காக. சொந்த வெப்சைட் இருந்து, அதில் 'நேரடியாகப் பதிந்தால் இந்த விலை' என்று ஒரு வரி இருந்தால், அதுவும் தேடலில் வரும். வெப்சைட் இல்லாதவருக்கு அந்தப் பக்கத்தில் இடமே இல்லை.

இணையம் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று இளம் பொடியன்கள் நினைக்கிறார்கள். வலைத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று, அதை உருவாக்கிய ஐரோப்பிய ஆய்வுகூடமான சேர்ன் 1993 ஏப்ரலில் அறிவித்தது. அடுத்த வருஷமே ஹொட்வயர்ட் என்ற தளத்தில் முதல் பதாகை விளம்பரங்கள் ஏறிவிட்டன. ஆனாலும் நெடுங்காலம் இலவச வலையும் விளம்பரமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. தமிழிலேயே 2003 வாக்கில் வலைப்பதிவுகள் தொடங்கின. 2004 இல் வந்த தமிழ்மணம் திரட்டி அவற்றையெல்லாம் ஓரிடத்தில் காட்டியது. பாமினி என்ற பழைய எழுத்துருவோடு மல்லுக்கட்டியவர்கள் எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடுக்கு மாறி, சமையலிலிருந்து சண்டை வரை எழுதித் தள்ளினார்கள். யாரைப் படிப்பது என்று வாசகர் தீர்மானித்தார். 2013 ஜூலையில் கூகிள், பல தளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் வாசிக்க உதவிய தன் ரீடர் சேவையை மூடியபோது அப்படி வாசிக்கும் பழக்கத்துக்கே பெரிய அடி விழுந்தது. எழுதினவர்கள் பேஸ்புக்குக்குப் போனார்கள். அங்கே பத்து வருஷம் எழுதியதை இன்று தேடி எடுக்க அவர்களாலேயே முடியவில்லை. 2005 இல் தொடங்கிய, ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்த்துவைக்கும் நூலகம் தளம் நன்கொடையில் நடக்கிறது, அதில் இருபது வருஷம் முந்திய பக்கமும் இன்றைக்குத் திறக்கிறது.

காசு வந்த இடம் எழுத்தையும் மாற்றியது. தளங்களில் விளம்பரம் போட்டுத் தளக்காரருக்குக் காசு தரும் கூகிளின் அட்சென்ஸ் 2003 இல் வந்தாலும் தமிழுக்கு 2018 இல்தான் ஆதரவு கிடைத்தது. அதற்குப் பிறகு முளைத்த செய்தித் தளங்களைப் பாருங்கள். 'திருகோணமலையில் சற்றுமுன் நடந்த பயங்கரம்' என்று தலைப்பு. உள்ளே போனால் முதல் பந்திக்கு முன் ஒரு விளம்பரம், பின் ஒரு விளம்பரம், விரலை வைத்த இடத்தில் இன்னொன்று. செய்தி மூன்று வரி, அதுவும் வேறு ஊர். பார்வைக்கு இவ்வளவு என்று காசு வந்தால் அழுத்தவைப்பதுதான் தொழில், வாசிக்கவைப்பது இல்லை. எழுதுகிற பொடியனில் மட்டும் பிழை சொல்லி என்ன பயன்? அந்த விளம்பர ஏலத்தின் விதியை எழுதுகிறவர்கள் வேறு. 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, தேடலில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகம் காத்தது என்று தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் இன்னொரு நீதிமன்றம் விளம்பரத் தொழில்நுட்பச் சந்தையின் சில பகுதிகளிலும் அதையே சொன்னது. அந்தத் தீர்ப்புகளின் பலன் நிலாவெளிக்கு வந்து சேரும்வரை நாங்கள் காத்திருக்க ஏலாது.

எங்கள் தொழில்காரரையும் ஒருக்கால் ஏச வேண்டும். இங்குள்ள ஓர் ஆலயத்தின் பழைய இணைய முகவரியைத் திறந்தால் இப்போது சூதாட்டத் தளம் வருகிறது. செய்து கொடுத்த பொடியன் டொமைனைத் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் எடுத்திருக்கிறான். ஆள் இப்போது கட்டாரில், அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதில்லை. காலாவதியான முகவரியைச் சூதாட்டக்காரர் வாங்கிக்கொண்டார்கள். திருவிழா நோட்டீஸில் இன்னும் அதே முகவரி அச்சாகிறது.

ஆகவே, தயவுசெய்து:

டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் தொலைபேசி எண்ணில் இருக்க வேண்டும். .எல்கே முடிவோ .கொம் முடிவோ எதுவானாலும் சரி. செய்து தருகிறவர் என்னைப் போல நல்ல பிள்ளையாக இருந்தாலும் அவர் பெயரில் விடாதீர்கள். நாலைந்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு பக்கம் போதும். விலை, படம், எண், வழி. விலையையும் எண்ணையும் படத்துக்குள் எழுதி ஏற்றாதீர்கள், தேடலுக்கு அதை ஒழுங்காக வாசிக்க வராது. அந்தப் பக்கத்தில் அட்சென்ஸ் போடட்டுமா என்று கேட்காதீர்கள். சில்லறைக்காக உங்கள் வாசலில் அடுத்த விடுதியின் விளம்பரம் தொங்கும்.

பேஸ்புக்கை விடச் சொல்லவில்லை. படம் அங்கே போடுங்கள், லிங்க் உங்கள் பக்கத்துக்குக் கொடுங்கள். கூகிள் வரைபடத்தில் உங்கள் இடத்தை உரிமை கோரி, அதிலும் அதே முகவரியை இடுங்கள்.

மெட்டா உங்களிடம் மெசஞ்சரில் பாஸ்வேர்ட் கேட்காது. ஒருபோதும் கேட்காது. ஆறு இலக்கத்தை யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும் சொல்லாதீர்கள். பாஸ்வேர்டோடு ஆறு இலக்கத்தையும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பைப் போட்டு, நம்பிக்கையான இன்னொருவரை வேறு போனிலிருந்து அட்மின் ஆக்குங்கள். கணவனும் மனைவியும் ஒரே போனில் இரண்டு கணக்கு வைத்திருப்பது இதில் சேராது.

விளம்பரத்துக்குச் சம்பளக் கணக்கின் அட்டையைக் கொடுக்க வேண்டாம். கொஞ்சக் காசு மட்டும் இருக்கும் தனி அட்டை வையுங்கள். பேஜ் போய்விட்டதென்றால் முதலில் வங்கிக்கு எடுத்து அட்டையை நிறுத்துங்கள், படிவத்தைப் பிறகு நிரப்பலாம்.

விருந்தாளி போகும்போது ஒரு கொப்பியை நீட்டி, விருப்பமென்றால் மின்னஞ்சலை எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாக எழுதுவார்கள். உப்புவெளிக்காரரிடம் பழைய ரெஜிஸ்டர் ஒன்று இருந்தது, அதிலிருந்த எண்களுக்குத்தான் இப்போது ஒவ்வொன்றாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் மழைக்காலத்தில் செய்யுங்கள். நவம்பரில் கடல் கொந்தளிக்கும்போது உங்களுக்கும் வேலை குறைவு, எனக்கும் குறைவு. ஏப்ரல் கடைசியில் வந்து நிற்காதீர்கள், அந்த மாதம் நிலாவெளியிலிருந்து உப்புவெளி வரை எல்லாருக்கும் நாளைக்கே வெப்சைட் வேணும்.