குறைவாகப் பார்க்கும் காவல்

உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலுக்கு நீட்டிப்பு என்று பெயர். பாதுகாப்பு நீட்டிப்பு ஒன்றை உலாவியில் சேர்க்கப் போனால் ஒரு சிறு பெட்டி எழும். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவை இது படிக்கலாம், மாற்றலாம் என்று அதில் இருக்கும். நாம் பாதி படித்துவிட்டுச் சம்மதித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் வங்கிப் பக்கத்தின் கணக்கு எண், தட்டச்சு செய்யும் கடவுச்சொல், எழுதிவிட்டு அனுப்பாமல் அழித்த கடிதம் எல்லாமே அடக்கம். முகவரிப் பட்டையில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது குறிப்பது மறையாக்கம், அதாவது தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புவது. அது தரவு வழியில் பயணம் செய்யும்போது மட்டுமே காக்கும். நீட்டிப்போ பயணம் முடிந்து பக்கம் திரையில் விரிந்த பிறகு, நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

‘வெப் ஆஃப் டிரஸ்ட்’ என்ற நீட்டிப்பு, எந்தத் தளத்தை நம்பலாம் என்று நிறம் காட்டிச் சொல்லி வந்தது. அதைப் பயன்படுத்தியவர்களின் உலாவல் விவரங்கள் விற்பனைக்குப் போயிருந்ததை ஜெர்மனியின் என்டிஆர் ஒளிபரப்பு நிறுவனச் செய்தியாளர்கள் 2016இல் வெளிக்கொண்டுவந்தார்கள். ஆகவே நல்ல பாதுகாப்பு நீட்டிப்பு எது என்று கேட்டால், எத்தனை ஆபத்துகளைப் பிடிக்கிறது என்பதற்கு முன்னால், நம்மைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளாமல் அதைச் செய்கிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

நாம் போகும் முகவரியை யாரிடமும் சொல்லாமல், அது மோசடித் தளமா என்று எப்படிக் கேட்பது? கூகுளின் ‘சேஃப் பிரவுசிங்’ சேவையில் இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. முகவரியை ஹாஷ் என்னும் கணக்கில் போட்டு அரைத்தால் 256 பிட் நீளமுள்ள ஓர் எண் கிடைக்கும். எண்ணிலிருந்து முகவரியைத் திரும்ப எடுக்க முடியாது. அந்த எண்ணின் முதல் 32 பிட்களை மட்டும், அதாவது 4 பைட்களை, தன்னிடம் உள்ள மோசடிப் பட்டியலோடு கணினியே ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தவில்லை என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது; வெளியே ஒரு சொல்லும் போகவில்லை. பொருந்தினால் அந்த 4 பைட்கள் மட்டும் கூகுளின் சர்வருக்குப் போகும். அப்படித் தொடங்கும் மோசடி முகவரிகளின் முழு எண்கள் எல்லாம் திரும்பி வரும். இறுதித் தீர்ப்பு நம் கணினியில்தான். கணக்கற்ற முகவரிகளுக்கு அதே தொடக்கம் இருக்கக்கூடும் என்பதால், நாம் போனது எது என்று சர்வரால் உறுதியாகச் சொல்ல முடியாது.

பட்டியல் பழசாகிவிடும் என்பதுதான் இதன் குறை. மோசடித் தளம் ஒன்றின் சராசரி ஆயுள் 10 நிமிடத்துக்கும் குறைவு என்கிறது கூகுள். அதனால் 2024இல் குரோம் உலாவி உடனுக்குடன் கேட்கும் முறைக்கு மாறியது. கேள்வி வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் செல்கிறது. கேட்பது யார் என்று அந்த இடைத்தரகருக்குத் தெரியும், என்ன கேட்டார் என்று தெரியாது. கூகுளுக்குக் கேள்வி தெரியும், ஆளைத் தெரியாது. ஒரு நீட்டிப்பு இந்த அளவுக்கு மெனக்கெடாமல் முழு முகவரியையும் அப்படியே அனுப்புகிறது என்றால், அதைச் சோம்பல் என்றாவது சொல்ல வேண்டும்.

அடுத்தது பெயர் ஏமாற்று. ‘வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்’ என்ற முகவரியில் நம் கண் ‘வங்கி’யில் நின்றுவிடுகிறது. முகவரியின் சொந்தக்காரர் யார் என்பதை வலமிருந்து இடமாகத்தான் படிக்க வேண்டும், இது ‘சரிபார்ப்பு.நெட்’ வைத்திருப்பவரின் தளம். எழுத்திலேயே ஏமாற்றுவதும் உண்டு. ‘ஔ’ என்ற ஓரெழுத்தையும் ‘ஒள’ என்ற ஈரெழுத்தையும் எத்தனை பேர் பிரித்தறிகிறோம்? ரஷ்ய மொழி எழுதப்படும் சிரிலிக் வரிவடிவத்தின் ‘அ’வும் ஆங்கில ‘ஏ’யும் பார்வைக்கு ஒன்றே. 2017இல் ஓர் ஆய்வாளர் முழுக்க சிரிலிக் எழுத்துகளாலேயே ஆப்பிள் நிறுவன முகவரி போன்ற ஒன்றைப் பதிவுசெய்து காட்டினார். கண்ணுக்குத்தான் இந்தக் குழப்பம். கணினிக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து உரிய தளத்தில் தானே நிரப்பும் கடவுச்சொல் மேலாளர் அந்த எண்ணைத்தான் ஒப்பிடுகிறது, அதனால் மயங்காது. போலித் தளத்தில் பெட்டியை நிரப்பாமல் பேசாமல் இருக்கும். சிவப்பில் கத்தும் பத்து எச்சரிக்கைகளைவிட அந்த மௌனத்தை நான் நம்புவேன்.

இவ்வளவும் இருந்தாலும் புதுப்பிப்பு என்ற கதவு திறந்தே கிடக்கிறது. 2024 டிசம்பரில் சைபர்ஹேவன் என்ற தரவுப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் மோசடி மின்னஞ்சலில் சிக்க, அந்நிறுவனத்தின் நீட்டிப்பாகவே நச்சு நிரல் பயனர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் திருடர் என்று பயனரின் உலாவிக்குத் தெரிய வழியில்லை. புதுப்பிப்பு கூடுதல் அனுமதி கேட்டால், குரோம் நீட்டிப்பை நிறுத்தி நம்மைக் கேட்கும். முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கும் நீட்டிப்புக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை. அந்தப் பெட்டி இரண்டாம் முறை எழாது.